64-15

தூக்கம் வராத இரவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வீடியோ ஒன்று உண்டு. 2007 ரக்பி உலகக் கோப்பை, செப்டம்பர் 30, பிரான்சின் மோன்பெலியே. அமெரிக்கா தன் கோட்டருகே தடுமாறிக்கொண்டிருக்கிறது. டாட் கிளெவர் தென்னாப்பிரிக்காவின் பாஸை இடைமறித்து ஓடுகிறார். பந்து கைமாறி, வலது ஓரத்தில் டகுட்ஸ்வா இங்வென்யாவிடம் வருகிறது. எதிரே பிரயன் ஹபானா. வேகம் என்றாலே அன்று அவர் பெயரைத்தான் சொல்வார்கள். இங்வென்யா உள்ளே வெட்டுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வெளிப்பக்கமாக ஓடுகிறார். ஹபானாவால் எட்டவே முடியவில்லை. டிரை, 5 புள்ளிகள். அந்த ஆண்டின் சிறந்த டிரைக்கான விருதும் அதற்கே கிடைத்தது.

ஆட்ட முடிவு: தென்னாப்பிரிக்கா 64, அமெரிக்கா 15.

அந்தத் தொடரில் அமெரிக்கா ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. ஹராரேயில் பிறந்து டெக்சாஸுக்கு வந்தவர் இங்வென்யா. பிறகு பிரான்சில் பியாரிட்ஸ் அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடினார். அங்கேயும் 2010 ஹைனகென் கோப்பை இறுதியாட்டத்தில் 21-19 என்று தோல்வி. 2011, 2015 உலகக் கோப்பைகளிலும் ஆடினார். கோப்பைகளை மட்டும் எண்ணினால் பெரிதாக ஒன்றுமில்லை.

அப்படியென்றால் தோற்ற ஆட்டத்தில் நன்றாக ஆடியதற்கு என்னதான் மதிப்பு?

இதை நான் சும்மா கேட்கவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் டீமின் ப்ராஜெக்ட் ஒன்றைப் பாதியிலேயே மூடிவிட்டார்கள். அதில் ஒரு ஜூனியர் பையன், மாதக்கணக்காக யாராலும் பிடிக்க முடியாத ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தான். அப்ரைசலில் அவனுக்கு நான் போட்டது சராசரி ரேட்டிங். "ப்ராஜெக்டே போயிடுச்சேப்பா" என்றேன். அவன் "சரிண்ணா" என்று மட்டும் சொன்னான்.

தோல்வியை மறைக்க அழகைக் காட்டுவது ஏமாற்று வேலைதான். அந்த டிரையால் 64 என்பது 63 ஆகிவிடாது. ஆனால் ஸ்கோர்போர்டு பதில் சொல்வது ஒரே கேள்விக்குத்தான்: யார் ஜெயித்தது? யார் எப்படி ஆடினார்கள் என்று அதனிடம் கேட்கவே முடியாது. நான் அதனிடம்தான் கேட்டேன், அதுவும் ஒருத்தனுடைய சம்பளத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு. முடிவைப் பார்த்து மார்க் போடுவது சுலபம், நாம் எதையும் கவனித்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அன்று அந்தச் சோம்பல் நியாயம்போலத் தெரிந்தது.

வீடியோவில் இப்போது நான் கவனிப்பது ஹபானாவைத் தாண்டும் நொடியை அல்ல. அதற்கு முன்னால் பந்து கைமாறுகிறதே, அதை. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தே பாஸ் போடுகிறார்கள். சரியாகவும் போடுகிறார்கள்.

அந்தப் பையன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். போன வாரம் அவனுக்கு ஒரு மெசேஜ் அடித்தேன். அந்தப் பிழையை அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. அதைத்தான் கேட்டேன்.