காதலும் ஏதிலார் மறுமொழியும்

காதலால் அலமருவோர் தமது துயரை முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதுவதும், அந்த அறியாதவர் அதற்கு மறுமொழி விடுப்பதும் முதல் நோக்கில் விந்தையாகவே தோன்றும். தாய், தமக்கை, தோழர் என உற்றார் சூழ்ந்திருக்க, ஊரும் பேரும் தெரியாத ஒருவரிடம் நெஞ்சைத் திறப்பது ஏன்? இதனினும் கடினமான வினா மற்றொன்று உண்டு. அவ்வாறு எழுதப்பட்ட மடலுக்கு விடை கூற அந்த ஏதிலாருக்கு உள்ள உரிமை யாது?

இவ்வழக்கம் ஒரு நிறுவனமாகவே நிலைபெற்ற இடம் இத்தாலியின் வெறோனா நகர். ஷேக்ஸ்பியரின் நாடகத் தலைவியாகிய யூலியற் வாழ்ந்ததாகக் கதை கூறும் அந்நகரிலே, அவளுடைய கல்லறை எனக் காட்டப்படும் வெறுங் கற்பேழையொன்று உள்ளது. 1930களில் அதன் காவலராயிருந்த எற்றோறே சொலிமானி என்பவர், அங்கு வந்துசேர்ந்த மடல்களுக்கு யூலியற்றின் செயலாளர் என்ற பெயரால் விடை எழுதத் தொடங்கினார். 1972 இல் ஜூலியோ தமாசியா என்பவர் ஆரம்பித்த யூலியற் கழகம், 1980களின் இறுதியில் இப்பணியைத் தனதாக்கிக்கொண்டது. உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வரும் மடல்களுக்கு ஊதியம் பெறாத தொண்டர்கள், இயன்றவரை எழுதியவரின் மொழியிலேயே, தம் கைப்பட விடையளிக்கின்றனர். முகவரியில் 'யூலியற், வெறோனா' என்னும் இரு சொற்களே இருப்பினும் மடல் போய்ச் சேர்ந்துவிடும்.

யூலியற் கற்பனைப் பாத்திரம். இல்லாத ஒருத்தியின் பெயரால் எழுதுவது பொய்யன்றோ எனச் சிலர் வினவலாம். ஆயின், பொய் பொய்யாவதற்கு ஏமாறுபவர் ஒருவர் வேண்டும். வெறோனாவுக்கு எழுதுபவர், யூலியற் விடை எழுதமாட்டாள் என்பதை அறிந்தே எழுதுகின்றார். இருவரும் அறிந்து அணிந்துகொள்ளும் முகமூடியை வஞ்சனை என்றல் பொருந்தாது. அகத்திணையிலே தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பியம் விதித்தது. பெயரை நீக்கினாலன்றிக் காதலைப் பொதுவில் பேசவியலாது என்பதைத் தமிழ் மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தது.

உண்மையான இடர்ப்பாடு பெயரில் இல்லை, விடையிலேயே இருக்கின்றது. தமிழகத்தில் விருத்தாசலத்துக்கு அணித்தாயுள்ள கொளஞ்சியப்பர் கோயிலிலே அடியார் தமது குறைகளைத் தாளில் எழுதிப் பிராது கட்டுவர். அங்கே கேட்பது தெய்வம். தெய்வத்தின் பெயரால் எந்த மனிதரும் மறுகடிதம் வரைவதில்லை. வெறோனாத் தொண்டர்கள் துணிவது அதற்கே. எழுதுகோலை எடுத்த அக்கணமே அவர்கள் பிறர் வாழ்வொன்றில் கை வைத்தவராகின்றனர்.

யாழ்ப்பாணத்துச் சமூகத்தை அறிந்தவருக்கு, ஏதிலாரை நாடுவதன் காரணம் விளங்காமற் போகாது. இங்கே கேட்கும் காது எதுவும் வெறுங் காதன்று. மாமியிடம் சொன்னால் அது மாமன் வீட்டுச் சம்பந்தத்தைப் பாதிக்கும். ஒன்றுவிட்ட அண்ணனிடம் சொன்னால் அது குடும்பத்து மானப் பிரச்சினையாகும். சாதி, சீதனம், சாதகம் மூன்றும் ஒத்துவராத காதலொன்று வெளிப்படின், அதற்கு விலை கொடுப்பவர் காதலித்தவர் மட்டுமல்லர். பின்னே கலியாணத்துக்கு நிற்கும் தங்கையரும் கொடுக்கின்றனர். ஆகவே உற்றார் கூறும் புத்திமதி, அன்பினால் எழுந்ததாயினும், தன்னலமும் கலந்ததே. அதனைக் குற்றமாகக் கொள்வதற்கில்லை. பழம்புலவர் அம்பல் என்றும் அலர் என்றும் பெயரிட்ட ஊர்ப்பேச்சு, கிடுகு வேலிகள் மதில்களான பின்னரும் ஓய்ந்துவிடவில்லை. அலர் உள்ள இடத்திலேதான் ஏதிலாரின் காது அருமருந்தாகின்றது.

இதே சமூகம் ஏதிலாரின் கடிதத்தை வேறோரிடத்தில் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டதையும் இவ்விடத்து நினைத்தல் தகும். 1990 இன் பின்னர் மின்சாரமும் தொலைபேசியும் இன்றி ஆண்டுகள் பலவற்றைக் கழித்த குடாநாட்டிலே, நிழற்படமும் சில கடிதங்களும் அன்றி வேறெதுவும் அறியாத வெளிநாட்டு மணமகனை நம்பிக் கடல் கடந்த பெண்கள் பலர். ஏதிலானுக்குக் கழுத்தை நீட்டலாம், ஏதிலாரிடம் வாய் திறத்தல் ஆகாது என்னும் இந்நியாயத்தை எந்தத் தர்க்க நூலால் விளக்குவது?

மனத்துயருக்கு ஏதிலார் செவிகொடுக்கும் முயற்சி இத்தீவுக்குப் புதியதன்று. 1953 இல் சாட் வறா என்னும் பாதிரியார் இலண்டனில் ஆரம்பித்த சமாரித்தர் இயக்கத்தின் வழியிலே, 1974 இல் ஜோன் டி மெல் கொழும்பில் சுமித்ரயோவை நிறுவினார். 1986 இல் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் சென்னையில் சினேகாவைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் 1987 இல் உருவான சாந்திகம் போர்க்கால நெருக்கடியினூடே உளவளத்துணைப் பணியை வளர்த்தது. இவை காதலுக்கென அமைந்தவையல்ல. ஆயினும் காதலும் இவற்றின் வாயிலை அடையும் துயர்களுள் ஒன்றே. சமாரித்தர் வழிவந்த அமைப்புகள் ஒரு விதியை இறுகப் பற்றின: செவிகொடுக்க வேண்டும், மறை காக்க வேண்டும், முடிவை அவரவரிடமே விட்டுவிட வேண்டும்.

இவ்விதியைக் கோழைத்தனம் என்று இகழ்வோர் உளர். விடை கேட்டு வந்தவரிடம் 'நீரே தீர்மானியும்' என்பது விடையாகுமா? இலங்கையில் தற்கொலை வீதம் 1995 இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்னும் உச்சத்தை எட்டியது. பின்னர் அது பெரிதும் தாழ்ந்தமைக்குக் கொடிய விவசாய நஞ்சுகள் தடைசெய்யப்பட்டமையே தலையாய காரணம் என ஆய்வாளர் காட்டியுள்ளனர். மக்களின் காதலும் கடனும் குடும்பப் பூசலும் அக்காலத்தில் ஒழிந்துவிடவில்லை. கொல்லும் பொருள் எட்டாது போயிற்று, அந்தக் கொடுங் கணம் கடந்து போயிற்று. இதிலிருந்து தொண்டருக்கு ஒரு பாடம் கிடைக்கின்றது. துயருற்றவருக்குப் பல வேளைகளில் முதலில் வேண்டப்படுவது தீர்வன்று, பொழுது. மடல் எழுதிவிட்டு விடைக்குக் காத்திருப்பவர், விடை வரும் நாளில் தாம் இருப்பதாகத் தம்மையறியாமலே ஒப்புக்கொள்கின்றார். விடை எழுதாமல் விடுவது அந்த ஒப்பந்தத்தை முறிப்பதாகும். ஆதலால் மறுமொழி கடமையாகின்றது. மறுமொழி கடமையெனின் தீர்ப்பும் கடமையாகுமோ?

இவ்வினாவுக்குச் சங்க இலக்கியத்தின் இரு பாத்திரங்கள் துணைபுரிவர். ஒருத்தி தோழி. தலைவனுடன் போய்விடு என்று தலைவிக்குச் சொல்லும் துணிவு அவளுக்கு உண்டு. அதற்கான உரிமையும் உண்டு. தலைவி சென்றபின் வீட்டில் எஞ்சி நின்று, செவிலியின் கண்ணீருக்கும் தமரின் சினத்துக்கும் முகங்கொடுப்பவள் அவளே. அறத்தொடு நிற்றல் என்னும் துறை சொல்லளவில் நின்றுவிடுவதன்று. சொன்ன சொல்லின் விலையைச் சொன்னவளே செலுத்துவதும் அதில் அடங்கும். இக்காலத்துத் தொண்டர் செலுத்தும் விலை ஒரு முத்திரையும் ஒரு மணிப்பொழுதும் மட்டுமே. 'வீட்டை விட்டு வெளியேறு' என அவர் எழுதினாலும், 'பெற்றோர் சொற்படி நட' என எழுதினாலும், செலவிடப்படுவது பிறருடைய வாழ்வு. பிறர் பொருளைத் தம் பொருள்போற் செலவிடுவது அறமாகாது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. வார இதழ்களின் கேள்வி பதிற் பகுதியிலே மூன்று வரியில் ஒரு பெண்ணின் தலைவிதியை எழுதிவிடும் துணிவு, இந்நோக்கிற் பார்க்குமிடத்து, அச்சந் தருவதாகும்.

எனினும், தீர்ப்பளித்தல் வேறு, அறியத்தருதல் வேறு. பதினெட்டு வயது நிரம்பிய இருவர் பெற்றோர் சம்மதமின்றியும் பதிவுத் திருமணம் செய்யலாம் என்பதும், சாதி அதற்குச் சட்டத்தடையன்று என்பதும், தேசவழமைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பதும் பல இளையோர் அறியாதவை. அடியும் மிரட்டலும் காதலின் பெயரால் நடக்கும்போது அவற்றை அடியென்றும் மிரட்டலென்றும் பெயர் சொல்லி அழைப்பது தொண்டரின் கடன். அங்கே நடுநிலை காப்பவர் வலியவன் பக்கம் நின்றவராவார். உயிருக்கு ஆபத்து எனத் தெரியும் மடலுக்கு அஞ்சல்வழி விடை மட்டும் போதாது. உடன் உதவக்கூடியவரிடம் அவரைச் சேர்ப்பிக்க வேண்டும். முடிவை எழுதியவரிடமே விடுவது என்பதன் பொருள் அவரை இருளில் விடுவதன்று.

மற்றைய பாத்திரம் கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில் வருவது. பெருங்கடுங்கோ பாடிய அப்பாலைக்கலியிலே, உடன்போன மகளைத் தேடிச் சுரத்தில் வரும் செவிலி, எதிர்ப்பட்ட முக்கோல் தாங்கிய துறவோரிடம் இருவரைக் கண்டீரோ என வினவுகின்றாள். காதலைப் பற்றி ஏதிலாரிடம் கேட்கப்பட்ட வினா அது. அவர்கள் கண்டதை மறைக்கவில்லை. தமக்கு ஏன் இவ்வம்பு என்று விலகிச் செல்லவுமில்லை. சந்தனம், முத்து, யாழின் இசை ஆகியவற்றைக் காட்டி, மகள் பிறந்த இடத்துக்கே உரியவளல்லள் என அவள் நெஞ்சைத் தேற்றுகின்றனர். அவர்கள் மகளைப் போகச் சொன்னவரல்லர். அம்முடிவு அவர்களைச் சந்திக்குமுன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. அவர்கள் செய்தது, வெயிலில் தனித்து நின்ற ஒருத்திக்கு நின்று விடை சொன்னமை. அதன்பின் செவிலி வீடு திரும்பினாளா, மேலும் நடந்தாளா என்பதைப் பாட்டுக் கூறவில்லை. துறவோருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.