மஞ்சளேறிய கண்ணாடி

அசாஹி நிறுவனத்தின் சூப்பர்-டகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸை, இரண்டு பக்க மூடிகளையும் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்தால் பெரும்பாலும் தாள் மஞ்சளாகத் தெரியும். சில லென்ஸ்களில் நல்ல தேன் நிறமே இருக்கும். 1960களில் ஜப்பானிய ஆலையை விட்டு வந்தபோது அந்தக் கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து எதுவும் அதில் படியவில்லை. துடைத்தால் போகாது, கழற்றிக் கழுவினாலும் போகாது.

ஒளியை நன்றாக வளைக்க வேண்டும், ஆனால் நிறங்களைப் பிரித்துச் சிதறவிடக் கூடாது. இந்த இரட்டைத் தேவைக்காக அந்தக் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு சேர்த்தார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் கிடைக்கும் அதே தோரியம்தான். அதன் கதிர்வீச்சு கண்ணாடியிலுள்ள எலக்ட்ரான்களைப் பெயர்த்துவிடுகிறது. பெயர்ந்தவை வேறிடங்களில் சிக்கிக்கொள்ள, அந்த இடங்கள் நீல ஒளியை விழுங்கத் தொடங்குகின்றன. மிஞ்சுவது மஞ்சள். லென்ஸுக்குத் தெளிவைக் கொடுக்கச் சேர்த்த பொருளே நாளடைவில் அந்தத் தெளிவைக் கெடுத்தது.

இப்படிப்பட்ட லென்ஸ்கள் பல ஆண்டுகள் பரணில் கிடந்தன. மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு அவற்றுக்குப் பெரிய மறுவாழ்வு. காரணம் எளிய அளவுக் கணக்கு. டகுமார் போன்ற எம்42 திருகு லென்ஸ், சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நின்றால்தான் தொலைவிலுள்ள மலையைத் துல்லியமாகக் காட்டும். நிக்கான் எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் பூட்டும் இடமே 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. அந்த ஒரு மில்லிமீட்டர் கூடுதலில் மலை மங்கிவிடும். உள்ளே எழுந்து தாழும் ஆடியை எடுத்துவிட்ட சோனி இ-மவுன்ட்டிலோ அந்தத் தூரம் 18 மி.மீ.தான். மீதியுள்ள 27.46 மில்லிமீட்டரை நிரப்ப வெறும் உலோகக் குழல் போதும். அதுதான் அடாப்டர், அதற்குள் கண்ணாடி எதுவும் கிடையாது. 2008-இல் பானசோனிக் ஜி1, 2013-இல் முழு அளவு சென்சாருடன் சோனி ஏ7 என்று கேமராக்கள் வர வர, பழைய லென்ஸ்கள் பரணை விட்டு இறங்கின.

தங்கள் குறைகளோடுதான் இறங்கின. அங்கேதான் பழைய கேள்வி ஒன்று புதிதாக எழுகிறது. குறை என்பது என்ன? இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போவதா, அல்லது தானே ஒரு பொருளாக இருப்பதா?

வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த கிறிஸ்தவ ஞானி அகஸ்டின் (354–430) இளமையில் மானி என்பவர் நிறுவிய சமயத்தைப் பின்பற்றினார். தீமை நன்மைக்கு எதிரான ஒரு தனிப்பொருள் என்பது அதன் கொள்கை. பின்னர் அதை உதறிவிட்டு, தீமைக்கெனத் தனி இருப்பு கிடையாது, நன்மை குறைந்துபோன நிலையே தீமை என்ற முடிவுக்கு வந்தார். கடவுள் படைத்ததெல்லாம் நல்லதென்றால் தீமை எங்கிருந்து வந்தது என்ற சிக்கலை அவர் அவிழ்த்த வழி அது.

சைவ சித்தாந்திகள் இதற்கு உடன்பட மாட்டார்கள். உயிரின் அறியாமைக்குக் காரணமான ஆணவ மலம் வெறும் இன்மை ஆகாது, அது உள்பொருள் என்று அவர்கள் உறுதியாக நிற்கிறார்கள். இல்லாத ஒன்று எப்படி மறைக்கும், எப்படிக் கட்டும் என்பது அவர்கள் கேள்வி. செம்பில் களிம்பு போல அது உயிரோடு என்றும் உடனிருப்பது. அதனால் சகச மலம். மற்ற இரு மலங்களான மாயையும் கன்மமும் பின்னால் வந்து சேர்பவை, அதனால் ஆகந்துகம்.

இந்தப் பாகுபாட்டோடு ஒரு பழைய லென்ஸைக் கையில் எடுத்தால் பல விஷயங்கள் விளங்கும். கண்ணாடிகளுக்கு நடுவே சிலந்தி வலை போலப் படர்ந்திருக்கும் பூஞ்சை பின்னால் வந்தது. ஈரப்பதத்தில் வளர்ந்தது, மேற்பூச்சை அரிக்கும் முன் கவனித்தால் துடைத்துவிடலாம். ஹீலியோஸ் 44-2 லென்ஸின் சுழல் அப்படி வந்து ஒட்டியது கிடையாது. ஜெர்மனியின் ஜெனா நகரில் ட்ஸைஸ் நிறுவனம் செய்த பயோட்டார் 58 மி.மீ. லென்ஸின் வடிவத்தைப் போருக்குப் பின் சோவியத் நாடு எடுத்துக்கொண்டு, மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்தது அது. எஃப்/2-இல் முழுதாகத் திறந்து ஒரு மரத்தின் முன் நிற்பவரைப் படமெடுத்தால், பின்னாலுள்ள இலைகள் முகத்தைச் சுற்றிச் சுழல்வது போல் இருக்கும். ஓரத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் விளிம்பு வெட்டிவிடுவதால், வட்டமாக வர வேண்டிய ஒளிப்புள்ளிகள் பூனைக் கண் வடிவில் ஒடுங்கி, மையத்தைச் சுற்றி வரிசை கட்டுகின்றன. எஃப்/5.6-க்கு மூடினால் சுழல் அடங்கிவிடும், திறந்தால் மறுபடியும் எழும். வடிவமைப்போடு பிறந்த குறை அது.

1850களில் ஜெர்மன் கணித அறிஞர் லுட்விக் ஃபான் சைடல் லென்ஸின் பிழைகளை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதினார். அந்தக் கணக்கில் பிழைக்கு அளவு உண்டு, கூட்டல் கழித்தல் குறியும் உண்டு. ஒரு கண்ணாடியின் கூட்டல் பிழையை இன்னொரு கண்ணாடியின் கழித்தல் பிழையால்தான் வடிவமைப்பாளர் ஈடுகட்டுகிறார். இன்மையை வைத்து இன்மையை ஈடுகட்ட முடியாது. லென்ஸ் வடிவமைக்கும் மேசையின் முன் உட்கார்ந்தவரைக் கேட்டால் அவர் சித்தாந்தியின் பக்கம்தான் பேசுவார்.

அகஸ்டின் பக்கமும் நியாயம் இல்லாமல் போகவில்லை. இலைகள் அசையாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்குத்தான் சுழல் ஒரு குறை. கட்டட வரைபடத்தை நகலெடுப்பவர் அதைத் தள்ளிவைப்பார். மணமகளின் முகத்தை எடுப்பவர் அதற்காகவே அந்த லென்ஸைத் தேடிப் பிடிப்பார். எது இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் எது குறைகிறது என்று சொல்ல முடியாது.

ஆனாலும் இந்த விஷயத்தில் மிக ஆழமாகப் போனவர் சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் என்றே தோன்றுகிறது. 14-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய ‘திருவருட்பயன்’ நூலில் ‘இருள்மலநிலை’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. இருட்டு மற்ற பொருள்களை மறைத்தாலும், இங்கே இருட்டு இருக்கிறது என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்கிறார்.

இன்றைய லென்ஸ்களை நினைத்தால் இந்த வேறுபாடு சுருக்கென்று படுகிறது. கேனனின் ஆர்.எஃப். 24-240 மி.மீ. லென்ஸை 24-இல் வைத்து எடுத்து, திருத்தாத ரா கோப்பைத் திறந்தால் படத்தின் மூலைகள் கறுத்திருக்கும். கேமரா அதை இழுத்து நிமிர்த்தி, நிறைந்த படமாகத்தான் காட்டுகிறது. அந்த வசதியால் லென்ஸ் சிறியதாகிறது, விலையும் இறங்குகிறது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் பயன்படுத்துபவர் தன் லென்ஸின் குறையைக் கண்ணால் பார்ப்பதேயில்லை. பழைய லென்ஸில் மின்தொடர்பு கிடையாது. என்ன லென்ஸ் மாட்டியிருக்கிறது என்றே கேமராவுக்குத் தெரியாது. லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கட்டும் என்று மெனுவில் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. அதனால் லென்ஸுக்கான திருத்தமும் கிடையாது. ஐந்து மடங்கு பெரிதாக்கிய திரையைப் பார்த்தபடி வளையத்தை மெல்லத் திருப்புபவர், கூர்மை எங்கே தொடங்கி எங்கே நழுவுகிறது என்பதை மயிரிழை மயிரிழையாகக் காண்கிறார். குறை அங்கே வெளிப்படையாக இருக்கிறது. பழைய லென்ஸோடு நாள் கழிப்பதில் இதுதான் மிகப் பெரிய லாபம்.

டகுமாரின் மஞ்சளை நீக்க வழி உண்டு. புற ஊதா விளக்கின் அடியிலோ வெயில் படும் இடத்திலோ சில நாட்களோ சில வாரங்களோ வைக்கிறார்கள். அடியில் அலுமினியத் தாளை விரித்தால் ஒளி திரும்பி இன்னொரு முறை கண்ணாடியைக் கடக்கும். வெயிலைக் குவித்து எதையும் எரித்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சிக்கியிருந்த எலக்ட்ரான்கள் விடுபட, நிறம் மெல்ல வெளுக்கிறது. தோரியம் மட்டும் போவதில்லை. அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். ஆண்டுகள் போகப் போக மஞ்சள் மறுபடியும் ஏறும். முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்பது சித்தாந்தம். முத்தியில் அடங்கியது மீண்டும் எழாது, தோரியத்தின் மஞ்சள் எழும் என்பது பெரிய வேறுபாடு. லென்ஸ் சடப்பொருள், அதற்குக் கட்டும் இல்லை, வீடும் இல்லை. என்றாலும் இரண்டிலும் ஒளி வெளியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

மஞ்சள் ஏறியது தெரியாமலே பல ஆண்டுகள் டகுமாரைப் பயன்படுத்த முடியும். கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை அதை ஈடுகட்டிவிடும். மனிதக் கண்ணின் லென்ஸும் வயதானால் மஞ்சளாகிறது. மூளை அதே வேலையைச் செய்கிறது. ஓவியர் க்ளோத் மோனே கண்புரையோடு பல ஆண்டுகள் தீட்டினார். 1923-இல் வலது கண்ணில் அறுவை நடந்தபின் நிறங்கள் மாறித் தெரியக் குழம்பிப்போனார். நிறக் கண்ணாடி அணிந்து பார்த்தார். அதன் பிறகு, முன்பு தீட்டிவைத்த சில படங்களை எடுத்து மறுபடியும் தீட்டத் தொடங்கினார்.