நகலும் நாணயமும்

நாற்பத்தைந்தாவது வயதில் தைல வர்ணம் பழகத் தொடங்கினேன். என் தந்தையின் முகத்தை ஒரு தடவையாவது வரைந்துவிட வேண்டும் என்பது ஆசை. எங்கள் ஊரில் முன்பு சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரை அணுகினேன். "முதலில் ஒரு மேதை போட்டதைப் பார்த்துப் போடுங்கள். அப்பா அப்புறம்" என்றார்.

எழுத்தாளனுக்கு எழுத்தாளன் மேல்தானே கண் போகும்! 1873-ல் ருஷ்ய ஓவியர் கிராம்ஸ்காய், யாஸ்னயா போல்யானாவில் டால்ஸ்டாயை நேரில் உட்காரவைத்து வரைந்த படத்தின் அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டேன். அப்போது டால்ஸ்டாய்க்கும் வயது நாற்பத்தைந்துதான்.

படத்தின் மேல் கட்டம் போட்டேன், துணியிலும் போட்டேன். அடிப்பூச்சைப் பழுப்பில், டர்ப்பன்டைன் கலந்து மெல்லியதாக இட்டேன். மேலே போகப் போகத்தான் எண்ணெய் கூடலாம். மாறிச் செய்தால் பின்னால் வெடித்துவிடும். டால்ஸ்டாயின் சட்டை நீலம் என்று நினைத்து நீலத்தைப் பூசினேன். ஒட்டவே இல்லை. சாம்பலும் பழுப்பும் சேர்ந்த பிறகுதான் அது சட்டையாயிற்று. பெயரை அறிவது வேறு, பொருளைப் பார்ப்பது வேறு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு மாதத்தில் படம் முடிந்தது. ஒரு நண்பர் வந்தார். "கண் என்னமாய்ப் பேசுகிறது! நீங்களே போட்டதா?" என்றார். "ஆமாம்" என்றேன்.

பொய் அல்ல, ஒவ்வொரு தீற்றும் என் கைதான். ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவர் புகழ்ந்தது என் கையை அல்லவே! அந்தப் பார்வையை அல்லவா புகழ்ந்தார்? அதைக் கண்டுபிடித்தவன் நானா?

அந்தப் படம் உருவான நாட்களில் டால்ஸ்டாய் எழுதிக்கொண்டிருந்த நாவல் 'அன்னா கரீனினா'. அதில் வரும் ஓவியன் மிகைலோவுக்குக் கிராம்ஸ்காயே மாதிரி என்று கருதுவோர் உண்டு. விரான்ஸ்கியும் அதில் படம் வரைகிறான். பிறர் பாணியை அழகாகப் பின்பற்றத் தெரிந்தவன். அதையே கலை என்று நம்புகிறவன். மிகைலோவ் அன்னாவை வரைந்த பிறகு, தான் வரைந்துகொண்டிருந்த அவள் படத்தை அவன் கைவிட்டுவிடுகிறான். அவன் குற்றம் நகல் எடுத்ததா? அப்படியானால் உலகத்தில் எந்த மாணவனும் தப்ப முடியாது. என் முதல் கதைகளே இன்னொருவர் கதைகளின் நிழல்கள்தாம். நகல் ஒரு கடன். கடன் வாங்குவது குற்றமில்லை. வாங்கிய பணத்தைச் சம்பாத்தியம் என்று காட்டுவதுதான் குற்றம்.

பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். "ஸ்டில்லைப் பார்த்துத்தான் நாங்கள் அத்தனை பெரிய முகம் போட்டோம். அது ஊருக்கே தெரியும். அதனால் மனசு உறுத்தவில்லை. யாரைப் பார்த்துப் போட்டதென்று பின்பக்கம் எழுதிவிடுங்கள்" என்றார். கிராம்ஸ்காய் பெயரையும் ஆண்டையும் எழுதி, அதன் கீழே என் பெயரை எழுதினேன். நண்பரிடமும் சொன்னேன். "அதனாலென்ன, சார்!" என்றார். அவருக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு அன்றுதான் தூக்கம் வந்தது.

பிறகு அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். அச்சுப் படம் எத்தனை நேரம் பார்த்தாலும் திருப்பிப் பார்ப்பதில்லை, அப்பா பார்த்தார். கட்டம் போட முடியவில்லை. கிராம்ஸ்காய் இதைத்தான் தாங்கியிருக்கிறார்.

"என்னடா, புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறே?" என்றார் அப்பா.

பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய இடது கண் வலது கண்ணைவிடச் சற்றுச் சிறியது. இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாது. படம் இன்னும் சரியாக வரவில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவர் எதிரே உட்காருகிறேன்.