நோயுற்ற பூனையும் வெறும் கையும்: மார்க்கம் நம்மிடம் எதைக் கேட்கிறது?



பூனையைக் கட்டிப்போட்டுக் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் சிறுவயதில் மதரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்த ஒரு பூனையின் காரணமாக அவள் நரகத்தில் வேதனை செய்யப்பட்டாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இந்த ஹதீஸை மனதில் வைத்துக்கொண்டு இன்று சிலர் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். ஜும்ஆ முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, தூணருகில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். சமீபத்தில் ஆட்டோ ஓட்டும் ஒரு சகோதரர் கேட்டார். பிள்ளைகள் குட்டியிலிருந்து வளர்த்த ஆண் பூனை. முதல் நாள் வரை ஓடி விளையாடியது. திடீரென்று மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டு சிறுநீரும் வரவில்லை, கத்துகிறது. சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டது, மயக்கமருந்து கொடுத்து டியூப் போட வேண்டும், சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும், பன்னிரண்டாயிரம் வரை ஆகும், மறுபடியும் அடைக்காது என்று உறுதி சொல்ல முடியாது என்றாராம் தனியார் மருத்துவர். இவர் கையில் இருந்தது ஏழாயிரம். அது வீட்டு வாடகைக்கும் தாயாரின் சர்க்கரை மாத்திரைக்கும் எடுத்து வைத்தது.

"ஹஜ்ரத், வாடகைக் காசை எடுத்து பூனைக்குச் செலவு பண்ணலாமா? பண்ணலைன்னா நானும் அந்தப் பொம்பளை மாதிரி ஆயிடுவேனா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சகோதரர்களே, இது சிரிக்கக்கூடிய கேள்வியல்ல. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் ஒரு சிறுவர். அவர் ஒரு சின்னப் பறவையை வளர்த்தார். அது இறந்துவிட்டது, பிள்ளை வாடிப்போயிருந்தார். ஒரு சமுதாயத்தையே சுமந்துகொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், அந்தச் சிறுவரின் பட்டப்பெயரைச் சொல்லி அழைத்து, அந்தப் பறவை என்னவாயிற்று என்று அன்போடு விசாரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு பூனைக்குட்டியால்தான். ஆடு மேய்த்த காலத்தில் பகலெல்லாம் அதனோடு விளையாடிவிட்டு இரவில் ஒரு மரத்தில் வைப்பாராம்; திர்மிதியில் வருகிறது. ஒரு பிராணியின் மீது பாசம் வைப்பது ஈமானின் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது அந்தப் பெண்ணின் ஹதீஸுக்கு வருவோம். அவள் செய்த குற்றம் என்ன? நபி (ஸல்) அவர்கள் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொன்னார்கள். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. அவளிடம் காசு இல்லை என்பதற்காக அவள் பிடிக்கப்படவில்லை. பூனை தானாகப் பிழைக்கும் வழியை அடைத்தாள், தன் கையையும் அடைத்துக்கொண்டாள். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் குற்றம் நிற்கிறது.

இதைப் படிக்கும் சிலர், "சரி, அப்படியானால் அவிழ்த்துவிட்டால் என் பொறுப்பு தீர்ந்தது" என்று அவசரமாக முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மீன் மார்க்கெட்டிலோ, வருத்தத்தோடு சொல்கிறேன், பள்ளிவாசல் வாசலிலோ விட்டுவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஹதீஸில் சொல்லப்படுவது, விட்டால் இரை தேடிக்கொள்ளும் பூனை. ஐந்து வருடம் சோபாவில் தூங்கி, கிண்ணத்தில் சாப்பிட்ட பூனை, அதுவும் நோயில் நடக்க முடியாமல் கிடக்கும் பூனை, எங்கே போய் இரை தேடும்? தெருநாய்க்கு அது இரையாகும். இது அவிழ்த்து விடுவதல்ல, கண்ணுக்கு மறைவாகச் சாகவிடுவது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டமும், தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது.

ஃபிக்ஹ் நூல்களைப் பார்த்தால் நம் இமாம்கள் இதை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது தெரியும். வளர்ப்புப் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது கடமை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கொடுக்காதவனைக் காஜி கட்டாயப்படுத்துவார் என்கிறது ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி அது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள கடமை. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ கட்டாயப்படுத்தலாம் என்றே சொன்னார்கள். ஹிஜ்ரி 660-இல் வஃபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை எழுதும்போது, அது முதுமையடைந்து அல்லது நோயுற்று எந்தப் பயனும் தராத நிலைக்குப் போனாலும் அதற்காகச் செலவு செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால்! பால் வற்றிய மாட்டை என்ன செய்வது என்று இன்றும் தடுமாறுகிறோம்.

ஆனால் மருத்துவம் தீனியைப் போன்றதா? இங்கேதான் அந்த ஆட்டோக்காரச் சகோதரரின் கேள்வி முழுமையாக வந்து நிற்கிறது. மனிதன் தன் நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்வதையே பெரும்பாலான இமாம்கள் பொதுவாக வாஜிப் என்று சொல்லவில்லை. அனுமதி என்றோ விரும்பத்தக்கது என்றோதான் சொன்னார்கள். வலிப்பு நோயால் அவதிப்பட்ட பெண்மணிக்கு, பொறுமை காத்தால் சுவர்க்கம், விரும்பினால் குணத்துக்கு துஆ என்று இரண்டு வழிகளை நபி (ஸல்) அவர்கள் காட்டியதை அதற்குச் சான்றாகச் சொல்வார்கள். மனிதன் விஷயமே இப்படியென்றால், சக்திக்கு மீறிய சிகிச்சையைப் பூனைக்குச் செய்யாதவன் பாவி என்று எவ்வாறு சொல்ல முடியும்? வசதியுள்ளவர் தன் வசதிக்கேற்ப, நெருக்கடியில் இருப்பவர் தனக்கு அளிக்கப்பட்டதிலிருந்து செலவு செய்யட்டும் என்பது சூரத்துத் தலாக் தரும் அளவுகோல். செலவின் வரிசையையும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள்: ஒரு தீனார் வைத்திருந்தவரிடம் முதலில் உனக்கு, பிறகு உன் பிள்ளைக்கு, பிறகு மனைவிக்கு என்று படிப்படியாகச் சொன்னார்கள்.

ஆகவே அவரிடம் நான் தெளிவாகவே சொன்னேன். தாயாரின் மாத்திரைக் காசைத் தொடாதீர்கள். வாடகையைத் தொடாதீர்கள். நகையை வட்டிக்கு அடகு வைக்காதீர்கள். செல்போனில் நொடியில் கடன் தருகிறேன் என்று வருகிறானே, அவன் பக்கமே போகாதீர்கள். ஒரு உயிரின் மீதுள்ள இரக்கம் வட்டியை ஹலாலாக்காது. திருப்பித் தர முடியும் என்ற நம்பிக்கை இருந்தால், தெரிந்தவரிடம் வட்டியில்லாமல் கைமாற்று வாங்குங்கள். முடியவில்லையா? நீங்கள் அந்தப் பெண்ணைப் போன்றவர் அல்ல.

இதே பதிலை எல்லோருக்கும் என்னால் சொல்ல முடியாது. "வசதியில்லை" என்ற சொல் வாயில் சுலபமாக வரும். பிள்ளை அடம்பிடித்தது என்று பல ஆயிரம் கொடுத்து பாரசீகப் பூனை வாங்கி, படமெடுத்து ஸ்டேட்டஸ் போட்ட வீட்டில், அது நோயுற்றதும் வசதி காணாமல் போகிறது. போன மாதம் நல்ல நிலையில் இருந்த போனை மாற்றியவர், தடுப்பூசிக்குக் காசில்லை என்கிறார். வாங்கும்போது இருந்த கை, வைத்தியத்துக்கு எங்கே போனது? அல்லாஹ்வின் முன்னால் நின்று அந்தச் சொல்லைச் சொல்ல முடியுமா என்று ஒவ்வொருவரும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். அதே சமயம், பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது பூனைக்கு லட்சங்களைக் கொட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

பன்னிரண்டாயிரம் இல்லை என்றால் பூனைக்குச் செய்ய எதுவுமே இல்லை என்று ஆகிவிடாது. சகோதரர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள்; உலக விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர் முழுவதும் அடைத்துக்கொண்டால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாட்களில் இதயமே நின்றுவிடும். "திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளுவதற்கு இடமில்லை. அரசு கால்நடை மருத்துவமனைகள் நம் வரிப்பணத்தில் நடப்பவை. ஆடு மாடுகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் அங்கே போவதே இல்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் மருத்துவரிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் எதை முதலில் செய்ய வேண்டும், எதை விடலாம்?" இப்படிக் கேட்பது இழிவல்ல. சொல்லாமல் எழுந்து வந்துவிடுவதுதான் பூனைக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்று. காசில்லாத வீட்டில் பாசம் மருந்துப் பெட்டியைத் திறக்கும். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலை உடைத்து, பாலில் கரைத்துப் பூனைக்குக் கொடுப்பார்கள். அது பூனைக்கு விஷம். அதன் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். இரக்கத்தோடு செய்தாலும் உயிர் போய்விடுகிறது. மருத்துவர் சொல்லாத எந்த மாத்திரையையும் கொடுக்காதீர்கள்.

ஜகாத் பணத்தைப் பூனையின் வைத்தியத்துக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஜகாத்துக்குரிய எட்டு வகையினரை அல்லாஹ் சூரத்துத் தவ்பாவில் வரையறுத்துவிட்டான், அவர்கள் மனிதர்கள். பிராணிக்கு நேரடியாக ஜகாத் செல்லாது. ஸதகா செல்லும், தாராளமாகச் செல்லும். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்கு, கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் எடுத்து வாயால் கவ்விக்கொண்டு மேலேறி வந்து புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான். பிராணிகள் விஷயத்திலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் உண்டு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்த மனிதர் ஒரு திர்ஹம் கூடச் செலவழிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர் கொடுத்தது கிணற்றில் இறங்கி ஏறிய சிரமம். உங்களுக்குப் பூனையே பிடிக்காமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அழும்போது ஐநூறு ரூபாய் கொடுப்பதற்கு அது தடையாக வேண்டாம்.

இனி மிகக் கடினமான இடம். எல்லா வாசலையும் தட்டியாகிவிட்டது, ஒன்றும் திறக்கவில்லை. பிராணி வேதனையில் துடிக்கிறது. மருத்துவர், ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார். இது கூடுமா? உண்ண ஹலால் அல்லாத பிராணியை, அதன் வேதனையைத் தீர்ப்பதற்காகக்கூட அறுக்கக் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. பிழைக்க வழியில்லாத பிராணியின் உயிரை விரைவில் போக்கி வேதனையைத் தீர்க்கலாம் என்று மாலிகி அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். ஹனஃபி நூல்களிலும் அதற்கு இடம் தரும் கூற்றுகள் உண்டு. அறுப்பதானாலும் கத்தியைத் தீட்டி, பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை வைத்துப் பார்க்கும்போது, மரணம் உறுதி, வேதனை கடுமை என்று நம்பகமான மருத்துவர் சொன்ன பிறகு அனுமதிப்பவர்களின் கருத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குணமாக்க முடியாத நோய் வேறு. குணமாகும் நோய்க்கு நான் செலவு செய்ய விரும்பாதது வேறு. இரண்டாவதற்கு முதலாவதன் பெயரை வைத்து டாக்டரிடம் கொண்டுபோகிறவருக்கு யாருடைய ஃபத்வாவும் உதவாது.

பூனை இறந்துவிட்டால், பிள்ளைகளிடம் அது ஓடிப்போய்விட்டது என்று சொல்லாதீர்கள். வா, ஒன்று தருகிறேன் என்று பிள்ளையை அழைத்த ஒரு தாயிடம், என்ன தருவதாக இருந்தாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் (நூல்: அபூதாவூத்). அந்தப் பிள்ளை வாசலில் நின்று எத்தனை நாள் தேடும்? நோய் வந்தது, நம்மால் முடிந்ததைச் செய்தோம், காசு போதவில்லை, அல்லாஹ் எடுத்துக்கொண்டான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அப்பாவிடம் காசில்லை என்று தெரிவதால் பிள்ளை கெட்டுவிடாது. குப்பைத் தொட்டியில் வீசாமல், நாய் தோண்டாத ஆழத்தில் குழி தோண்டிப் புதையுங்கள்; பிள்ளையும் ஒரு பிடி மண் போடட்டும்.

"அது சொர்க்கத்துக்குப் போகுமா அத்தா?" என்று கேட்டால், மறுமையில் எல்லாப் பிராணிகளும் ஒன்று திரட்டப்படும், கொம்பில்லாத ஆட்டுக்குக்கூட முட்டிய ஆட்டிடமிருந்து நியாயம் வாங்கிக் கொடுப்பான் அல்லாஹ், அவன் யாருக்கும் அநியாயம் செய்யமாட்டான் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பிள்ளை கேட்பதற்கெல்லாம் பதில் தேடி அலைய வேண்டாம். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

யா அல்லாஹ், வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நோயில் கிடக்கும் உயிர்களுக்கு ஷிஃபாவையும், அவற்றின் அருகில் வெறும் கையோடு அமர்ந்திருப்பவர்களுக்கு ஹலாலான வழியையும் திறந்துவிடுவாயாக. ஆமீன்.