கலாய்த்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

தேர்வு முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், முதுகலை மாணவிகள் துறையின் ப்ரொஜெக்டரைக் கேட்டு வந்தார்கள். பழைய ‘பார்ட் ஒன், பார்ட் டூ’ படங்களைப் போட்டுக் கலாய்க்கப் போகிறார்களாம். ‘மேம், நீங்களும் வாங்க, உங்க காலத்துப் படம்தான்’ என்றாள் ஒருத்தி. நாற்பதைத் தாண்டிய பெண்ணிடம் இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். போனேன்.

கலாய்ப்பதற்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. ‘சிங்கம்’ 2010, 2013, 2017 என்று மூன்று முறை வந்தது. மூன்றிலும் துரைசிங்கத்தின் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ‘சாமி ஸ்கொயர்’ 2018இல் வந்தபோது திரிஷா விலகிவிட்டார், புவனாவாக ஐஸ்வர்யா ராஜேஷ் வந்தார். பதினைந்து வருடம் கழித்தும் கதாநாயகன் அதே விக்ரம். ‘2.0’இல் ரஜினிக்குப் பல உருவங்கள். முதல் பாகத்தின் சனாவோ தொலைபேசிக் குரலாக மட்டும் மிஞ்சினாள். ‘பார்ட் டூ எடுத்தா முதல்ல காலி பண்ண வேண்டிய வாடகை வீட்டுக்காரி ஹீரோயின்தான்’ என்றாள் ஒரு மாணவி. கூடுவாஞ்சேரியில் மூன்று வருடத்தில் நான்கு வீடு மாறிய பெண் அவள். சும்மா சொல்லவில்லை.

இன்னொருத்தி ‘அரண்மனை’ வரிசைக்குப் போனாள். 2014இல் தொடங்கி 2024க்குள் நான்கு பாகங்கள். ‘நம்ம ஊர்ல பொண்ணுக்கு சூப்பர் பவர் வரணும்னா முதல்ல சாகணும் மேம். உயிரோட இருக்கிறவளுக்குப் பறக்க வராது.’ எல்லோரும் சிரித்தோம். நான் ‘காஞ்சனா’வை நினைத்துக்கொண்டேன். அங்கேயும் கொல்லப்பட்ட பிறகுதான் ஒரு திருநங்கையின் கோபத்துக்குக் கைதட்டல். 2025இல் மலையாளத்தில் வந்த ‘லோகா’வின் நாயகி நிஜமாகவே பறந்து அடிக்கிறாள். ஆனால் அவளும் யட்சிதான்.

என் பங்குக்குச் ‘சக்திமான்’ கதையைச் சொன்னேன். 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கியபோது எங்கள் தெருப் பையன்கள் கையை உயர்த்திச் சுற்றிச் சுற்றித் தலைசுற்றி விழுந்தார்கள். அதில் கீதா விஸ்வாஸ் என்றொரு பத்திரிகையாளர். உண்மையைக் கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். ஆனால் கண்ணாடியும் எடுப்புப் பல்லும் மாட்டிய கங்காதர்தான் சக்திமான் என்பது மட்டும் அவள் கண்ணுக்குத் தெரியாது. அன்று அதை நான் சந்தேகிக்கவில்லை. பெண் என்றால் அப்படித்தான் என்று யாரோ எனக்குள் முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

பிறகு ‘எந்திரன்’ ஓடியது. ரங்குஸ்கி என்ற கொசுவைத் தேடிச் சிட்டி போகும் காட்சியில் அறையே அதிர்ந்தது. தாம்பரத்தில் குடியிருப்பவர்களுக்கு அது அறிவியல் புனைவு அல்ல, நிறைவேறாத கோரிக்கை. அடுத்து அந்தத் தீ விபத்துக் காட்சி வந்தது. எரியும் கட்டடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது சிட்டி. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து, கூட்டத்துக்கும் கேமராக்களுக்கும் நடுவில் இறக்குகிறது. அவள் கூனிக்குறுகி ஓடுகிறாள். வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். ரோபோவுக்கு மனித உணர்வு புரியவில்லை, அது இன்னும் தயாராகவில்லை என்பதற்கு அந்தச் சாவு ஆதாரமாகிறது. விஞ்ஞானி ரோபோவைத் திருத்தப் போகிறார். கதை நகர்கிறது.

சிரிப்பு நின்றிருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: ‘மேம், ரோபோ செஞ்சது சரிதானே?’

2010 அக்டோபரில் குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் இதே காட்சியை நான் பார்த்திருக்கிறேன். ‘பாவம் அந்தப் பொண்ணு, இந்த மெஷினுக்கு என்ன தெரியும்’ என்று பக்கத்து இருக்கைத் தோழியிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. அப்போது நான் முனைவர் பட்டத்துக்குத் தொல்காப்பியத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உயிரைவிட நாண் பெரிது, நாணைவிடக் கற்பு பெரிது என்று முன்னோர் சொன்னதாகக் களவியலில் ஒரு நூற்பா வருகிறது. அன்று காலை படித்ததும் மாலை பார்த்ததும் ஒன்றே என்று எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு பெரிய பட்ஜெட்டில் எடுத்த அறிவியல் படம் தன் ரோபோவைத் தோற்கடித்தது அந்த நூற்பாவை வைத்துத்தான். அதற்கு உயிர் பெரிதாகத் தெரிந்தது. அதுதான் அதன் குறை.

‘படம் சமூகத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதானே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காட்டுவதோடு நின்றிருந்தால் எனக்கும் வழக்கில்லை. ஆனால் அவள் செத்த பிறகு யாரைத் திருத்துகிறார்கள் என்று பாருங்கள். முறைத்துப் பார்த்த கூட்டத்தை யாரும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போகவில்லை. கேமராவை இறக்கச் சொல்லத் தெரியாதவனின் மூளையில் கோளாறு என்று யாரும் அறிக்கை எழுதவில்லை. காப்பாற்றியவன் குற்றவாளி, பார்த்தவர்கள் சாட்சிகள்.

இதை நான் மேடைப் பேச்சாகச் சொல்லவில்லை. படம் பார்த்த ஐந்து வருடத்தில் அந்தக் காட்சிக்குள் நானே நின்றேன்.

2015 டிசம்பர் முதல் தேதி. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அப்போது முடிச்சூரில் தரைத்தள வீட்டில் இருந்தோம். அடையாறு தெருவுக்குள் வந்தது, பிறகு வாசலுக்குள் வந்தது. மறுநாள் காலை நானும் அத்தையும் மகளும் மாடிப்படியின் மேல் திருப்பத்தில் நனைந்து உட்கார்ந்திருந்தோம். கடற்கரைக் குப்பத்திலிருந்து மீனவத் தம்பிகள் படகோடு வந்தார்கள். மகளை முதலில் வாங்கிக்கொண்டார்கள். அடுத்து அத்தை ஏற வேண்டும். ஏறவில்லை.

‘நைட்டியோட எப்படிம்மா வர்றது? ஈரத்துல ஒட்டிக்கிட்டு... பீரோல புடவை இருக்கு பாரு, எடுத்துட்டு வா.’

எதிர் மொட்டை மாடியில் ஒருவர் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார். நானும் நைட்டியில்தான் இருந்தேன். அத்தை வாயால் சொன்னதை நான் மனதால் ஏற்கனவே சொல்லியிருந்தேன். அதனால் போனேன். மார்பளவு கலங்கல் நீரில், உள்ளே என்ன மிதக்கிறது என்று தெரியாமல், பீரோ வரை போனேன். தண்ணீர் அழுத்தியதில் கதவு திறக்கவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். வழுக்கி ஒரு முறை முழுதாக உள்ளே போய் வந்தேன். வாயில் சேற்றின் சுவை. என் மகள் வெளியே ‘அம்மா’ என்று கத்துவது கேட்டது. அப்போதும் என் கை பீரோவின் பிடியில்தான் இருந்தது.

வெறுங்கையோடு திரும்பினேன். படகிலிருந்த தம்பிக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தன் துண்டை அத்தையின் தோளில் போட்டார். ‘அக்கா, நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம். நீங்க ஏறுங்க’ என்றார். திரும்பிக்கொண்டார். எதிர் மாடியைப் பார்த்து, ‘யோவ், போனை உள்ள வைய்யா!’ என்று ஓர் அதட்டல். நாங்கள் ஏறினோம்.

அந்தத் தம்பியை யாரும் ஆய்வகத்தில் வைத்துத் திருத்தவில்லை. அவர் செய்ததெல்லாம் கழுத்தைத் திருப்பியதுதான். திருத்தம் எங்கே நடந்திருக்க வேண்டும் என்பது அதோடு எனக்குத் தெரிந்துபோனது. ரோபோவுக்குள்ளும் இல்லை, அந்தப் பெண்ணுக்குள்ளும் இல்லை. பார்க்கிறவர்களின் கழுத்தில்.

சரி, இனி என்ன செய்வது? ‘எந்திரன்’ பார்க்கக் கூடாதா? கொசுக் காட்சிக்கு நான் இன்றும் சிரிக்கிறேன், இனியும் சிரிப்பேன். பிடித்த படத்தை ஒதுக்கி வைப்பது எளிது. அதைவிட எளிது கலாய்த்துவிட்டு எழுந்து போவது. ‘அந்தக் காலத்துல இப்படியெல்லாம் எடுத்தாங்க பாரு’ என்று சிரிக்கும்போது, நாம் அக்கரைக்கு வந்துவிட்டோம் என்று நமக்கு நாமே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறோம். அந்தச் சிரிப்பில் படத்துக்கும் மன்னிப்பு, நமக்கும் மன்னிப்பு. செத்துப்போன பெண்ணிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறார், அழுகையை அதற்கு அடுத்து. நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறார். எள்ளலால் பிறப்பது, நாங்கள் துரைசிங்கத்தைப் பார்த்துச் சிரித்தது. இளமையால் பிறப்பது, சுற்றி விழுந்த பையன்களுக்கானது. பேதைமைக்குக் கீதா விஸ்வாஸ் இருக்கிறாள். நான்காவது மடன். பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாமலிருப்பது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். கலாய்ப்பு பெரும்பாலும் முதல் மூன்றோடு நின்றுவிடுகிறது. நான்காவது வரை போனால் சிரிப்பின் முகம் நம் பக்கம் திரும்பும். பீரோவின் பிடியை விடாத என் கையைப் பார்த்து நான் சிரிக்க வேண்டும். அங்கே சிரிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தச் சிரிப்பு யாரையும் மன்னிக்காது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தும்.

அன்று அந்த மாணவிக்கு, ‘ஆமாம், ரோபோ செய்தது சரிதான்’ என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது என்பதையும் சொன்னேன். வெள்ளக் கதையையும் சொன்னேன். அத்தை பீரோவுக்கு அனுப்பிய இடத்தில் சிலர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் தண்ணீருக்குள் போய் வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது நாங்கள் சேலையூரில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். தண்ணீர் இங்கே ஏறாது. ஆனாலும் டிசம்பர் பிறந்தால் படுக்கையறைக் கதவின் கொக்கியில், கையெட்டும் தூரத்தில், ஒரு துப்பட்டாவை மாட்டி வைக்கிறேன். மகள் அதைப் பார்த்து, ‘என்னம்மா, சிட்டி வருவான்னு ரெடியா இருக்கியா?’ என்று கலாய்க்கிறாள்.

சிரிக்கிறேன். துப்பட்டாவை இன்னும் எடுக்கவில்லை.