பதக்கமும் மனிதனும்

ஒரு மனிதனின் பெருமையை அளந்து கூறும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினா நூல்களில் மட்டுமே எழுவது என்று நாம் எண்ணியிருந்தோம். அண்மையில் ஒரு பழைய புகைப்படம் அவ்வெண்ணத்தை மாற்றியது.

மலையகத்தைச் சேர்ந்த ஆசிரிய நண்பர் ஒருவர் தம் பூட்டனாரின் படத்தை எம்மிடம் கொண்டுவந்தார். தலைப்பாகையும் கழுத்து மூடிய கோட்டும் அணிந்த இளைஞர். இடது மார்பில் ஒரேயொரு பதக்கம். முதல் உலகப் போரின்போது தமிழகத்திலிருந்து மெசொப்பொத்தேமியாவுக்குச் சென்றவர். போரின் பின்னர் இலங்கைத் தோட்டமொன்றுக்கு வந்து சேர்ந்தவர். குடும்பத்தார் அறிந்தது இவ்வளவே. அப்படத்தைப் பெரிதாக்கித் தமது புதிய வீட்டின் கூடத்தில் மாட்ட நண்பர் விரும்பினார். அதன் அடியில் எழுத வேண்டிய வாசகத்துக்காகவே பதக்கம் எதுவெனக் கேட்டார்.

பதக்கத்தை இனங்காண்பது அரிதன்று. வட்ட வடிவம், நாடாவைத் தாங்குவது வளையமன்று, நேரான தண்டு. நாடாவின் நடுவே அகன்ற கரும்பட்டை, அதன் இருமருங்கும் வெள்ளைக் கோடும் கறுப்புக் கோடும், ஓரங்கள் வெளிறியவை. அக்காலத்துப் புகைப்படத் தகடுகள் பல செந்நிறச் சாயலைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியதாகவும் காட்டுவன. ஆகவே நடுப்பட்டை செம்மஞ்சள், ஓரம் நீலம் என்று கொள்ள வேண்டும். 1919ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட பிரித்தானியப் போர்ப் பதக்கத்தின் நாடா இதுவே.

ஆனால் படம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அப்பதக்கம் இரு உலோகங்களில் வார்க்கப்பட்டது. ஏறத்தாழ 65 இலட்சம் பேருக்கு வெள்ளி. ஏறத்தாழ 110,000 பேருக்கு வெண்கலம். முகப்பில் அதே மன்னரின் தலை. பின்புறத்தில் குதிரைமீது அமர்ந்த அதே வீரனின் உருவம். துப்பாக்கி ஏந்திய இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளி கிடைத்தது. மூட்டை சுமந்து, பாதை வெட்டி, தண்டவாளம் இட்ட இந்தியத் தொழிற்படையினனுக்குக் கிடைத்தது வெண்கலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பதக்கம் கையிலிருந்தால் அதன் விளிம்பில் பொறித்த எழுத்துக்களைப் படித்து அறியலாம். அதுவோ 1983ஆம் ஆண்டு வன்செயலில் லயம் எரிந்தபோது போயிற்று. உறவினர் வீட்டிலிருந்த படம் மட்டும் தப்பியது.

பேச்சிடையே நண்பர் ஒரு பழங்கதையைக் கூறினார். உலகப் பொருளாதார நெருக்கடியால் தோட்டங்களில் வேலை குறைந்த 1930களின் தொடக்கத்தில் பூட்டனார் பதக்கத்தை அடகுக்கடைக்குக் கொண்டு சென்றாராம். "இது வெள்ளியில்லை" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஏழையை ஏமாற்றப் பார்த்த அந்தக் கடைக்காரரின் கதையாகவே மூன்று தலைமுறை அதைச் சொல்லிவந்தது. கதையைச் சொல்லி முடித்ததும் நண்பர் மௌனமானார். நாமும் மௌனமானோம்.

"இருந்தாலும் போர்வீரர் என்றே எழுதிவிடுவோமே. யாருக்கு என்ன நட்டம்?" என்றார் அவர் சிறிது நேரத்தின் பின்.

இவ்வினாவை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. இறந்தவருக்கு ஒரு சிறு பெருமை. பிள்ளைகளுக்கு ஒரு மகிழ்ச்சி. இதனால் துன்புறுவார் எவருமில்லை. ஆயினும் நாம் உடன்படவில்லை. உண்மை பிறழலாகாது என்ற பொதுவிதி மட்டும் அதற்குக் காரணமன்று. 'வீரர்' என்று திருத்தி எழுதும்போது, சுமந்தவன் சுட்டவனிலும் தாழ்ந்தவன் என்ற பேரரசின் தீர்ப்பை நாமும் ஒப்புக்கொள்கிறோம். மறைக்க வேண்டிய இழிவு அவ்வுழைப்பில் இருந்தது என்று ஆகிவிடுகிறது. உணவும் வெடிமருந்தும் துறைமுகத்திலிருந்து நகராமல் எந்தப் படை முன்னேறியது?

உலோகத்தை வகுத்தவர்களின் நீதியையும் நோக்க வேண்டும். பிரித்தானியர் திரட்டிய சீனத் தொழிற்படையினர் ஏறத்தாழ 95,000 பேர். அவர்களுடைய வெண்கலப் பதக்கத்தின் விளிம்பில் பெயரில்லை. எண் மட்டுமே உண்டு. தென்னாபிரிக்கக் கறுப்பினத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற மெண்டி என்னும் கப்பல் 1917 பெப்ரவரி 21ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியபோது 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்படையின் கறுப்பினத்தவருக்கு வெண்கலத்தைக்கூடத் தென்னாபிரிக்க அரசாங்கம் வழங்கவில்லை. பதக்கத்தைக் கொண்டே மனிதனை மதிப்பதாயின் அம்மார்புகளை எவ்வாறு மதிப்பது? வெண்கலம் தந்தமையில் நாணம் ஏதும் உண்டெனின் அது தந்தவரையே சாரும்.

நாம் இவ்வாறு கூறியதும் நண்பர் சற்றுக் கடுமையாகவே மறுமொழி சொன்னார்: "கூலி என்ற சொல்லை உங்களைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. எங்களைப் பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள், பஸ்ஸிலும் சொன்னார்கள். அந்தச் சொல்லைத் துடைக்கத்தான் நான் படித்தேன். இப்போது அதையே கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டச் சொல்கிறீர்களா?"

அவர் கூற்றில் நியாயம் இருந்தது. உழைப்பின் மேன்மையைப் பேசுவது, அவ்வுழைப்பின் பெயரால் வசை கேளாதவர்க்கு எளிது. பிறருடைய முதுகிலேறிய சுமைக்கு நாம் புகழ் பாடுவதும் ஒருவகைப் பதக்கம் வழங்கலே. அதையும் அவர் வேண்டாமென்று மறுக்கலாம். எனவே எமது முடிவை அவர்மீது சுமத்தவில்லை. அறிந்ததை எழுதுவோம், அறியாததை எழுதாமல் விடுவோம் என்ற அளவில் இருவரும் இணங்கினோம்.

சில வாரங்களின் பின் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். படத்தின் அடியில் பூட்டனாரின் பெயர். அதன்கீழ் 'முதல் உலகப் போரில் மெசொப்பொத்தேமியாவில் பணிபுரிந்தவர்' என்ற ஒரு வரி. வீரர் என்றும் இல்லை, தொழிலாளி என்றும் இல்லை. நண்பரின் மகள் அடகுக்கடைக் கதையை எமக்குச் சொன்னாள். அவள் சொன்ன கதையில் கடைக்காரர் ஏமாற்றுக்காரராக இல்லை.

"வெள்ளி ஏன் கொடுக்கவில்லை?" என்று அவள் தந்தையைக் கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார்.