குடற்புழுவும் ஜீவகாருண்யமும்

ஓர் உயிரைக் காப்பதற்காக மற்றோர் உயிரைக் கொல்லலாமா என்ற கேள்வி போர்க்களத்தில் எழுந்தால் அதைத் தத்துவ விசாரம் என்கிறோம். அதே கேள்வி கொல்லைப்புறத்துக் கோழிக்கூட்டில் எழுந்தால், மருந்தைக் கொடுத்துவிட்டு மறுவேலை பார்க்கப் போய்விடுகிறோம். தர்மசங்கடத்தின் கனம் பிராணியின் பருமனைப் பொறுத்ததன்று. ஆகையால் இந்தச் சிறிய இடத்திலும் சற்று நின்று யோசிப்பது நியாயமே.

தீனியைக் குறைவின்றிப் பொறுக்கியும் உடம்பு தேறாமல், கொண்டை வெளுத்து, இறக்கையைத் தொங்கவிட்டுச் சுவரோரம் ஒடுங்கி நிற்கும் கோழியைக் கையில் எடுத்துத் தடவினால், நெஞ்செலும்பு சதைப்பற்றின்றி விரலில் உறுத்தும். அதன் குடலில் குடியிருப்பது பெரும்பாலும் அஸ்காரிடியா காலி என்ற உருண்டைப்புழு: மஞ்சள் கலந்த வெண்ணிறம், 5 முதல் 12 சென்டிமீட்டர் வரை நீளம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளில் இவை மிகுந்துவிட்டால், குடலை அடைத்துக் கொன்றே விடும். பிப்பரசின் கொடுத்தால் புழுவின் தசைகள் செயலிழந்து, அது எச்சத்தோடு வெளியே தள்ளப்படுகிறது; ஆல்பெண்டசோலோ அது சர்க்கரைச் சத்தை ஏற்கும் சக்தியைக் கெடுத்துப் பட்டினியால் மாளச் செய்கிறது. இரண்டும் நாம் அறிந்தே செய்யும் காரியங்கள்.

அஹிம்சையை மிக நுட்பமாக ஆராய்ந்த சமண சமயம், புழுவை ஸ்பரிசமும் சுவையும் மட்டும் உணரும் ஈரறிவுயிர் என்றும், பறவையை ஐயறிவுயிர் என்றும் வகுத்தது. இல்லறத்தாரின் ஹிம்சையையும் அது நான்காகப் பிரித்தது: கொல்லும் நோக்கோடு செய்வது சங்கல்ப ஹிம்சை, சமையல் முதலிய வீட்டுக் காரியங்களில் நேர்வது ஆரம்ப ஹிம்சை, தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை, தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. முதலாவதை இல்லறத்தான் அறவே விலக்க வேண்டும்; மற்ற மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். உணவுக்காகக் கோழி வளர்ப்பது அச்சமயத்தின் எல்லைக்கே அப்பாற்பட்டது என்றாலும், அந்தப் பாகுபாடு நமக்குப் பயன்படும்.

ஆப்பிரிக்காவின் லாம்பரேனேயில் மருத்துவத் தொண்டு புரிந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர், தூக்க நோய்க்குப் புதிய மருந்து கிடைத்ததற்காக மகிழ்ந்தார். ஆனால் அந்நோயின் கிருமிகளை நுண்ணோக்கியில் காணும்போதெல்லாம், ஓர் உயிரைக் காக்க இவ்வுயிரைப் பலியிடுகிறோமே என்ற நினைவு எழாமல் இருப்பதில்லை என்றும் எழுதினார். அவர் மருந்தை நிறுத்தவில்லை, மனச்சாட்சியை உறங்கவிடவுமில்லை.

கோழி வளர்ப்பவரின் நிலையோ அவருடையதைவிடச் சிக்கலானது. அவர் கோழியைக் காப்பது முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும்; எனவே அந்தக் கருணையில் சுயநலம் கலந்தே இருக்கிறது. அதனினும் முக்கியமானது, அந்தப் புழு பெருகுவதற்கு அவரே காரணமாக இருப்பது. காட்டுக்கோழிக்கும் புழு உண்டு. ஆயினும் அலைந்து திரியும் பறவை, தன் எச்சம் விழுந்த மண்ணையே நாள்தோறும் கிளறித் தின்ன வேண்டிய கட்டாயத்தில் இல்லை. ஒரே மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கோழிகளை அடைத்து, தண்ணீர் சிந்திய ஈரத்தில் எச்சம் ஊறக் கிடக்கவிட்டவர், பிறகு தற்காப்பென்று சொல்லி விரோத ஹிம்சையின் சலுகையைக் கோரலாமா? எதிரியைத் தாமே அழைத்து வந்து குடியமர்த்தியவருக்கு அந்த வாதம் முழுமையாகப் பொருந்தாது.

இயற்கை இங்கே ஒரு தவணை தந்திருக்கிறது. எச்சத்தோடு விழும் புழுமுட்டை அன்றே நோய் தருவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் வாய்த்தால், ஏறத்தாழ 10 முதல் 20 நாட்களில்தான் அது தொற்றும் பக்குவத்தை அடைகிறது. அந்த இடைவெளிக்குள் கூட்டைப் பெருக்கி, தரையை உலர்த்தி, மேயும் இடத்தை மாற்றி, குஞ்சுகளைப் பெரிய கோழிகளிடமிருந்து பிரித்து வைத்தால், பின்னால் மருந்து செய்ய வேண்டிய கொலையில் பெரும்பகுதி நேராமலே போகும். முட்டையும் உயிரின் வித்துத்தானே என்று யாரேனும் வாதிக்கலாம். ஹிம்சையே இல்லாத வாழ்வு எவருக்கும் வாய்ப்பதில்லை, ஆனால் குறைந்த ஹிம்சையைத் தேர்ந்துகொள்வது எவருக்கும் இயலும்.

அவ்வளவு செய்தும் புழு கண்டால், மருந்து கொடாமல் இருப்பது கருணையாகாது. அடைத்து வைத்த பிராணியின் வேதனையைக் கைகட்டிப் பார்ப்பது ஹிம்சைகளிலெல்லாம் சோம்பேறித்தனமான ஹிம்சை. எச்சத்தைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்தறிந்து, உரிய மருந்தை உரிய அளவில் கொடுத்து, மருத்துவர் சொல்லும் நாள்வரை முட்டையையும் இறைச்சியையும் விலக்கி வையுங்கள். மருந்துப் புட்டியை எடுப்பதற்கு முன் துடைப்பத்தை எடுங்கள். கோழி வளர்ப்பவருக்கு அஹிம்சையின் முதற்பாடம் அதுவே.